கிளினிக்கில் கூடுதலாக எடுத்த ரத்தம் எங்கே போகிறது?

புதுக்குடியிருப்பிலிருந்து ஒரு தங்கச்சி எழுதியிருக்கிறா. லூபஸுக்குக் கிளினிக் போனபோது, ஆராய்ச்சிக்கென்று இன்னொரு குழாய் ரத்தம் தர விருப்பமா என்று கேட்டுக் கையெழுத்தும் வாங்கினார்களாம். அம்மாவுக்குப் பயம்: "உன்ர ரத்தத்தை வைச்சு என்ன செய்யப் போகினம்?"

லூபஸில், கிருமியை அடிக்க வேண்டிய பிறபொருளெதிரிகள் சொந்தக் கலங்களையே தாக்குகின்றன. முகத்தில் வண்ணத்துப்பூச்சி மாதிரிச் சிவந்ததும் நூல் கட்டி, கழிப்புக் கழித்து, சிறுநீரகம் பழுதான பிறகு ஆஸ்பத்திரிக்கு வருபவர்களை நினைத்தால் எனக்குக் கோபம்தான் வரும். நூலைக் கட்டுங்கள், கிளினிக் திகதியை மட்டும் விடாதீர்கள்.

சரி, குழாய்க்கு வருவோம். ரத்தத்தை உறைய விட்டுச் சுழற்றினால் மேலே மஞ்சளாகச் சீரம் தெளியும். அதை மறை 80 பாகை குளிரில் வைப்பார்கள். அந்தக் குற்றவாளிப் பிறபொருளெதிரிகள் இருப்பது அதில்தான். முல்லைத்தீவுக் கரைவலையில் கண்டதெல்லாம் ஏறும். பிறபொருளெதிரியோ ஒரே ஒரு மீனைத் தவிர வேறெதையும் தொடாத தூண்டில்.

1979இல் யேல் பல்கலைக்கழகத்தில் ஜோன் ஸ்டைட்ஸும் அவருடைய மாணவர் மைக்கேல் லேனரும் இந்தத் தூண்டிலைத்தான் போட்டார்கள். உடைத்த கலங்களின் கரைசலில் லூபஸ் நோயாளியின் சீரத்தைக் கலந்தார்கள், அப்புறம் செத்த ஸ்டஃபிலோகொக்கஸ் பற்றீரியாவைப் போட்டார்கள். அதன் மேலுறையில் உள்ள ஒரு புரதம் பிறபொருளெதிரியின் வாலை இறுகப் பிடிக்கும், பிறபொருளெதிரியோ தன் இரையை விடாது. சுழற்றினால் பற்றீரியா, தூண்டில், மீன் எல்லாம் ஒன்றாக அடியில் படியும். கழுவிப் பார்த்தால் புரதத்தோடு ஒட்டிக்கொண்டு குட்டி ஆர்என்ஏக்களும் (டிஎன்ஏயைப் பார்த்துக் கலம் எழுதும் பிரதிகள்) வந்திருந்தன! கலம் தன் ஆர்என்ஏயில் வேண்டாத துண்டுகளை வெட்டி எறிவதற்கு அவற்றில் ஒன்று உதவுகிறது என்று 1980இல் சொன்னார்கள், பிறகு அது உறுதியானது. சுகமாக இருக்கிற நம் எல்லோருடைய கலத்திலும் நடக்கிற வேலை; அதற்கு உதவுவது எது என்று தெரிய வந்தது நோயாளியின் ரத்தத்தால். இந்தப் பிறபொருளெதிரிகள் பிடிக்கும் எஸ்எம், ரோ, லா என்ற இலக்குகளின் பெயர்கள்கூட நோயாளிகளின் பெயர்களிலிருந்து வந்தவைதான். எஸ்எம் பிறபொருளெதிரி இருக்கிறதா என்று பார்த்து இன்றும் லூபஸைக் கண்டுபிடிக்கிறார்கள்.

இங்கே கரண்ட் போனால் குளிரூட்டியில் இருக்கிற மாதிரிகளின் கதி என்ன? கட்டடம் திறக்கிற காசில் கொஞ்சம் ஜெனரேட்டருக்கும் ஒதுக்கலாம்.

தங்கச்சி, குழாயில் வழமையாகப் பெயருக்குப் பதிலாக இலக்கம்தான் ஒட்டுவார்கள், கேட்டுப் பாருங்கோ. வேண்டாம் என்றாலும் உங்கட மருந்து நிற்காது. அதையும் அம்மாவிடம் சொல்லுங்கோ.