பத்திரமாக வைத்த படம் பத்திரமாக இருக்கிறதா?

அச்சடித்த புகைப்படம் மெல்ல மெல்ல மங்கும். ஓரம் மடங்கும், நிறம் வெளுக்கும், ஆனாலும் முகம் தெரியும். டிஜிட்டல் படம் அப்படி மூப்படைவதில்லை. நேற்று வரை பளிச்சென்று இருந்த கோப்பு இன்று திறக்காமலே போகலாம்.

பென்டிரைவை எடுத்துக்கொள்வோம். உள்ளே கோடிக்கணக்கான நுண்ணிய அறைகள். ஒவ்வொன்றிலும் எவ்வளவு எலக்ட்ரான் அடைபட்டிருக்கிறது என்பதை வைத்தே 0, 1 படிக்கப்படுகிறது. அவற்றைத் தடுத்து நிறுத்தும் காப்புப் படலத்தின் தடிமன் சில நானோமீட்டர்தான். மின்சாரம் கொடுக்காமல் அலமாரியிலேயே போட்டுவைத்தால் எலக்ட்ரான்கள் கசியும். வெப்பம் கூடினால் இன்னும் சீக்கிரம். எழுதி எழுதி ஆயுள் தீர்ந்த சாதாரணக் கணினி எஸ்எஸ்டி (இதே போன்ற அறைகளில் தகவலை வைக்கும் சேமிப்புக் கருவி), மின் இணைப்பின்றி 30 டிகிரி செல்சியஸில் ஓராண்டு தகவலைக் காத்தால் போதும் என்பதுதான் மின்னணுக் கருவிகளுக்குத் தரம் வகுக்கும் ஜெடெக் அமைப்பின் அளவு. புதிய எஸ்எஸ்டி அதைவிட நன்றாகவே தாங்கும். ஆனாலும் குழந்தையின் முதல் படத்தை அதில் மட்டும் வைத்துவிட்டு நிம்மதியாக இருக்க எனக்கு மனம் வராது. ஹார்ட் டிஸ்கில் காந்தப் பதிவு நெடுநாள் நிற்கும். சுழலும் பாகங்கள் முந்திக்கொண்டு பழுதாகலாம். எழுதும் சிடியில் சாயம் சிதையும்.

சிறு பிழைகளைக் கருவிகளே திருத்திக்கொள்ளும். அதையும் மீறி ஒரே ஒரு பிட், அதாவது ஒரு 0 அல்லது 1, புரண்டால்? படங்களைச் சுருக்கிச் சேமிக்கும் ஜேபெக் முறை, படத்தை 8×8 புள்ளிக் கட்டங்களாகப் பிரிக்கிறது. ஒரு கட்டத்தின் சராசரி ஒளி அளவை முழுதாக எழுதாமல், முந்தைய கட்டத்திலிருந்து எவ்வளவு மாறியது என்று மட்டும் குறித்துக்கொள்கிறது. இடம் மிச்சம்தான். ஆனால் நடுவில் ஒன்று தப்பினால் அதை நம்பி நிற்கும் அடுத்தவையும் தப்பிப்போகும். நெற்றி வரை சரியாக இருக்கும் படம், கண்ணிலிருந்து கீழே பச்சையும் சாம்பலுமாகக் கலைந்து கிடப்பது இதனால்தான்.

இதை முன்கூட்டியே கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. ஷா-256 என்ற கணக்கு எந்தக் கோப்பையும் படித்து 64 எழுத்துகளில் ஒரு கைரேகை தரும். கோப்பில் ஒரு பிட் மாறினாலும் அந்தக் கைரேகை அடையாளமே தெரியாமல் மாறிவிடும். இன்று குறித்து வைத்ததை அடுத்த வருடம் மறுபடி கணக்கிட்டு ஒப்பிடுங்கள். ஒத்துப்போகவில்லையா, நல்ல பிரதியிலிருந்து எடுத்துப் போட்டுவிடலாம். அதற்கு இன்னொரு பிரதி வேண்டுமே! மூன்று பிரதிகள், இரண்டு வகைக் கருவிகள், ஒன்று வேறு ஊரில் என்ற பழக்கம் அதற்காகத்தான். தானாக ஒத்திசையும் கிளவுட் மட்டும் இருந்தால் போதாது. இங்கே தவறி அழித்தால் அங்கேயும் அழிந்துவிடும்.

அப்புறம், கோப்பு நன்றாக இருந்தும் படிக்க முடியாமல் போவது உண்டு. யூனிகோட் 1991-இலேயே தமிழைச் சேர்த்துக்கொண்டது. இருந்தும் பல ஆண்டுகள் நாம் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களைப் பொருத்திய எழுத்துருக்களில்தான் தட்டச்சு செய்தோம். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அந்தக் கடிதங்கள் வெறும் கிறுக்கல். எழுத்துருவையும் உள்ளேயே வைத்துக்கொள்ளும் பிடிஎஃப்/ஏ என்ற கோப்பு வகை, 2005-இல் ஐஎஸ்ஓ தரமானது. கடிதங்களுக்கு அதுவே நல்லது.

சரி, படங்கள் பிழைத்துவிட்டன. கேமரா வைத்த எண் மட்டுமே பெயராக இருக்கும் கோப்பில் நிற்பவர் யார் என்று பேரனுக்கு எப்படித் தெரியும்? ஒவ்வொரு ஃபோல்டரிலும் சாதாரண டெக்ஸ்ட் கோப்பு ஒன்றைப் போட்டு, இடமிருந்து வலமாகப் பெயர்களை இன்றே எழுதிவிடுங்கள்.