சாய்த்து இறக்கும் டவர்: முதல் அரை மீட்டரைக் கவனியுங்கள்

வீட்டில் ஹாம் ரேடியோ (பொழுதுபோக்காக நடத்தும் வானொலி நிலையம்) வைத்திருப்பவர்கள் டவருக்குச் சாயும் அடித்தளம் கேட்டால் எனக்கு மகிழ்ச்சிதான். ஆன்டெனாவில் ஒரு சின்னப் பழுது என்றாலும் இடுப்பில் பெல்ட் கட்டிக்கொண்டு உச்சிவரை ஏற வேண்டியதில்லை. அடியில் உள்ள கீலில் டவரை மடக்கி, தரையில் நின்றபடியே வேலையை முடிக்கலாம். இரும்புக் கட்டுமானத் தொழிலில் இருப்பவன் என்ற முறையில் நானும் அதையே சொல்வேன். ஆனால் கேட்டு வருகிறவர்களின் முதல் கேள்வி, "காத்துக்கு நிக்குமா?" என்பதாகவே இருக்கிறது. "தூக்கும்போது தாங்குமா?" என்று கேட்பவர்கள் குறைவு. நான் பார்த்தவரை, சாயும் டவருக்குச் சோதனையான நேரம் புயல் அடிக்கும் நேரம் மட்டுமல்ல, அதைப் படுத்த நிலையிலிருந்து கிளப்பும் நேரமும்தான்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 12 மீட்டர் டவர், எடை 80 கிலோ. உச்சியில் ஆன்டெனாவும் அதைத் திருப்பும் மோட்டாரான ரோட்டேட்டரும் சேர்ந்து 30 கிலோ. மொத்தம் 110 கிலோதானே என்று தோன்றும். ஆனால் டவர் படுத்திருக்கும்போது அதன் எடை கீலிலிருந்து 6 மீட்டர் தள்ளியும், உச்சி எடை 12 மீட்டர் தள்ளியும் இருக்கிறது. இரண்டையும் பெருக்கிக் கூட்டினால் கீலைச் சுற்றி 840 கிலோகிராம்-மீட்டர் திருப்புவிசை. இதைத் தூக்க, டவரின் அடியில் செங்குத்தாக 3 மீட்டர் தூக்குக் கம்பம் (gin pole) ஒன்றைப் பொருத்தி, அதன் முனையிலிருந்து மறுபக்கம் 3 மீட்டர் தள்ளித் தரையில் இருக்கும் வின்ச்சுக்கு (கயிற்றைச் சுற்றி இழுக்கும் கருவி) கயிறு கட்டுகிறோம் என்று வையுங்கள். கீலுக்கும் கயிற்றுக்கும் உள்ள நேர்தூரம் 2.1 மீட்டர்தான். 840-ஐ அதால் வகுத்தால் கயிற்றில் வரும் இழுவை 400 கிலோ. இடம் போதவில்லை என்று கம்பத்தையும் தூரத்தையும் 2 மீட்டராகக் குறைத்தால் 600 கிலோ!

அதே 3 மீட்டர் அமைப்பில் டவர் 60 டிகிரிக்கு எழுந்துவிட்டால் இழுவை 150 கிலோகூட இருக்காது. ஆக, அறுந்தாலோ பிடுங்கிக்கொண்டாலோ அது பெரும்பாலும் தொடக்கத்தில்தான். அதனால் உச்சி தரையை விட்டு அரை மீட்டர் கிளம்பியதும் வின்ச்சை நிறுத்திவிட வேண்டும். டவர் விழக்கூடிய பாதையில் யாரும் கால் வைக்காமல், கீல், வெல்டிங், கயிற்றின் இரு முனைகள், வின்ச் நிற்கும் தூண் எல்லாவற்றையும் ஒருமுறை பார்க்க வேண்டும். அந்தத் தூணை முக்கியமாகப் பாருங்கள். 400 கிலோ இழுவையில் 280 கிலோ அதை மண்ணிலிருந்து மேலே பிடுங்கப் பார்க்கிறது. தரையில் அடித்த முளை இதற்குப் போதாது. கைப்பிடியை விட்டாலும் தானாக நின்றுகொள்ளும் பிரேக் உள்ள வின்ச்சையே வாங்குங்கள். மற்ற வகையில் கை வழுக்கினால் கைப்பிடி சுழன்று எலும்பை உடைத்துவிடும்.

முடிவிலும் ஓர் ஆபத்து உண்டு. டவர் நேராக நிற்கும் கட்டத்தில் கயிறு தளர்ந்து, அப்படியே மறுபக்கம் கவிழ்ந்துவிடலாம். அந்தப் பக்கம் போகாமல் இழுத்துப் பிடிக்கும் ஸ்டே கம்பி முன்கூட்டியே கட்டப்பட்டிருக்க வேண்டும்.

பக்கவாட்டு ஸ்டே கம்பிகள் விஷயத்தில் பலர் கோட்டை விடுகிறார்கள். அவற்றின் தரைப் பிடிமானம் கீலின் பின் (அச்சுக் கம்பி) போகும் கோட்டின் நீட்சியிலேயே, கீலின் மட்டத்திலேயே இருக்க வேண்டும். அப்போதுதான் டவர் எழும்போதும் சாயும்போதும் கம்பியின் நீளம் மாறாது. ஓரடி முன்னே பின்னே போனால்கூட, பாதி வழியில் ஒரு கம்பி முறுக்கேறி டவரை வளைக்கும், அல்லது தளர்ந்து பக்கவாட்டில் ஆடவிடும். மண்ணைத் தோண்டும் முன்பே கீல் கோட்டுக்கு ஒரு நூல் பிடித்து, அதை இரண்டு பக்கமும் நீட்டிக் குறித்துக்கொள்ளுங்கள்.

கீலைப் பொறுத்தவரை, பின்னில் மரை இல்லாத வழவழப்பான பகுதிதான் தகடுகளுக்குள் இருக்க வேண்டும். மரை உள்ளே போனால் அது துளையை அரத்தால் தேய்ப்பது போலத் தேய்க்கும். பழைய டவர் ஒன்றில் பின்னைக் கழற்றிப் பார்த்தால், வட்டத் துளை ஒரு பக்கம் நீண்டு முட்டை வடிவாகியிருக்கும், விளிம்பில் செந்துரு பொடியாக உதிரும். இன்னொன்று, டவர் நிமிர்ந்த பிறகு எடை கீலில் நிற்கக் கூடாது, பேஸ் பிளேட்டிலும் (அடித்தகடு) போல்ட்டிலும் நிற்க வேண்டும். அதற்காகக் கீலின் ஒரு துளையைச் சற்றே நீளவாக்கில் வெட்டிவிட்டால் தகடு சரியாக உட்காரும்.

காங்கிரீட்டில் அவசரம் வேண்டாம். முழு வலுவைக் கணக்கிடுவது 28 நாளில்தான். மேலே காய்ந்துவிட்டது என்று ஒரு வாரத்தில் டவரை ஏற்றுவதை நான் ஒப்புக்கொள்வதில்லை. காங்கிரீட்டில் பதியும் ஆங்கர் போல்ட்டுகளுக்கு பேஸ் பிளேட்டின் துளைகளை அப்படியே படியெடுத்த டெம்ப்ளேட் வைத்துத்தான் ஊற்ற வேண்டும். இறுகிய பிறகு போல்ட்டை வளைத்துச் சேர்ப்பது திருத்தம் அல்ல.

வெல்டிங்கை முடித்துவிட்டுக் கால்வனைஸ் (துத்தநாகப் பூச்சு) செய்யுங்கள், தலைகீழாக வேண்டாம். துத்தநாகம் பூசிய இரும்பை வெல்டு செய்தால் வரும் புகை காய்ச்சலைக் கொடுக்கும், வெல்டும் துளைவிழுந்து பலவீனமாகும். மூடிய குழாய் இருந்தால் காற்றுத் துளை விடச் சொல்லுங்கள், இல்லையென்றால் உருகிய துத்தநாகத் தொட்டியில் அது வெடிக்கும். அப்புறம் இடிக்கான எர்த்திங். அதற்குக் கீலை நம்பாமல், டவரின் கால்களிலிருந்தே தனிப் பட்டை இழுக்க வேண்டும். செம்புப் பட்டை டவரின் துத்தநாகத்தை நேராகத் தொட்டால் துத்தநாகம் அரித்துப்போகும், அதனால் நடுவில் ஸ்டெயின்லெஸ் தகடு வையுங்கள்.

இடத்தை நேரில் பார்க்கப் போனால் நான் முதலில் அண்ணாந்து பார்ப்பது மின்கம்பி எங்கே போகிறது என்றுதான். சாயும் திசை மட்டும் கணக்கில்லை, கயிறு அறுந்தால் டவர் எந்தப் பக்கமும் விழலாம். டவரும் ஆன்டெனாவும் சேர்ந்த முழு உயரம், அதற்கு மேல் குறைந்தது 3 மீட்டர், இவ்வளவு தூரம் எல்லாப் பக்கமும் கம்பியில்லாமல் இருக்க வேண்டும். இடம் அவ்வளவு இல்லையென்றால், உயரத்தைக் குறைத்துத்தான் வரைபடம் போட்டுத் தருகிறேன்.