திருமண நாள் குறித்ததும் நாட்காட்டியில் பார்க்க வேண்டிய இன்னொரு தேதி

அழைப்பிதழை என் மேசையின் மீது வைத்துவிட்டு, "டாக்டர், வெள்ளிக்கிழமை கல்யாணம். இவளுக்கு வியாழக்கிழமைதான் தேதி. எப்படியாவது தள்ளிப்போக ஒரு மாத்திரை எழுதிக் கொடுங்கள்" என்று ஒரு தாய் கேட்கும்போது, பெரும்பாலும் அது அந்த வாரத்தின் செவ்வாய்க்கிழமையாக இருக்கும். மண்டபத்துக்கு ஆறு மாதங்களுக்கு முன்பே முன்பணம் கொடுத்திருப்பார்கள். துணிகளை மூன்று மாதங்களுக்கு முன்பே எடுத்திருப்பார்கள். மணப்பெண்ணின் மாதவிடாய்த் தேதி மட்டும் கடைசி வாரத்தில்தான் வீட்டில் யாருக்காவது நினைவுக்கு வருகிறது. மகளிர் நல மருத்துவராக நான் இதை எழுதுவதற்குக் காரணம் அந்தச் செவ்வாய்க்கிழமைகள்தான்.

மாதவிடாயைத் தள்ளிப்போடுவது எப்படி நடக்கிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். கருமுட்டை வெளியான பிறகு, புரோஜெஸ்டிரோன் என்னும் ஹார்மோன் கருப்பையின் உட்சுவரை உதிராமல் தாங்கிப் பிடிக்கிறது. கரு தங்காதபோது அதன் அளவு சரிகிறது, உட்சுவர் உதிர்கிறது, ரத்தப்போக்கு தொடங்குகிறது. தள்ளிப்போடுவதற்கு நான் எழுதும் நோரெதிஸ்டிரோன் மாத்திரை செய்வதெல்லாம், இயல்பாகச் சரிய வேண்டிய அந்த ஹார்மோனின் இடத்தை வெளியிலிருந்து நிரப்பி, உட்சுவரை இன்னும் சில நாட்களுக்குத் தாங்கிப் பிடிப்பதுதான். வழக்கமாக 5 மில்லிகிராம் மாத்திரையை நாளொன்றுக்கு மூன்று வேளையாக, எதிர்பார்க்கும் தேதிக்கு 3 நாட்களுக்கு முன்பிருந்தே எடுக்க வேண்டும். நிறுத்திய இரண்டு மூன்று நாட்களில் மாதவிடாய் வந்துவிடும். அந்த 3 நாட்களைத் தவறவிட்டு வருபவருக்குச் சரிவு ஏற்கெனவே தொடங்கியிருக்கும் என்பதால், விழாவன்று சொட்டுச் சொட்டாகக் கசியாது என்று என்னால் உறுதி சொல்ல இயலாது.

நேரக் குறைவைவிட எனக்குக் கவலை தருவது, மாத்திரை கைமாறுவது. அக்காவுக்கு எழுதிக் கொடுத்த அட்டையில் மீதமிருப்பது தங்கைக்குப் போகிறது, அங்கிருந்து சித்தி மகளுக்குப் போகிறது. இந்த மாத்திரையின் ஒரு பகுதி உடலுக்குள் எதினைல் எஸ்ட்ரடையாலாக மாறுகிறது. இரண்டு ஹார்மோன்கள் சேர்ந்த கூட்டுக் கருத்தடை மாத்திரைகளில் பெரும்பாலானவற்றில் இருக்கும் ஈஸ்ட்ரோஜென் இதுவேதான். ஆகவே ரத்தம் உறையும் ஆபத்து உள்ளவர்கள் இதை எடுக்கக் கூடாது. தமக்கோ நெருங்கிய ரத்த உறவினருக்கோ காலிலோ நுரையீரலிலோ ரத்தக்கட்டி ஏற்பட்டிருந்தால், கண்முன் வெளிச்சக் கோடுகள் தெரிந்து அதன் பின் வரும் ஒற்றைத் தலைவலி இருந்தால், உடல் எடை மிக அதிகமாக இருந்தால், புகைப்பழக்கம் இருந்தால், அண்மையில் பெரிய அறுவைச் சிகிச்சை நடந்திருந்தால், இவற்றையெல்லாம் கேட்டறியாமல் ஒரு மாத்திரைகூட எழுதுவதற்கில்லை. இத்தகையோரில் சிலருக்கு மெட்ராக்ஸிபுரோஜெஸ்டிரோன் போன்ற மாற்று மருந்தைப் பரிசீலிக்கலாம். ஆனால் அதை முடிவு செய்வதற்கும் அவகாசம் வேண்டும். விழாவுக்கு இரவு முழுவதும் பேருந்திலோ விமானத்திலோ கால் நீட்டாமல் உட்கார்ந்து வருபவர்களுக்கு, அந்தப் பயணமே ஆபத்தைச் சற்றுக் கூட்டுகிறது என்பதையும் நான் கணக்கில் எடுத்துக்கொள்கிறேன்.

வேறு மருந்துகள் இதன் பலனைக் கெடுப்பதும் உண்டு. வலிப்பு நோய்க்குக் கார்பமசெபைனோ ஃபெனிட்டோயினோ, காசநோய்க்கு ரிஃபாம்பிசினோ எடுப்பவர்களின் கல்லீரல் இந்த ஹார்மோனை விரைவாகச் சிதைத்துவிடும். வலிப்பு நோய் இருப்பதைச் சம்பந்தி வீட்டாருக்குத் தெரியாமல் வைத்திருக்கும் குடும்பங்கள் என்னிடமும் அதைச் சொல்லாமல் போய்விடுகின்றன. பிறகு விழாவன்று ரத்தப்போக்கு வந்துவிட்டதென்று தொலைபேசியில் அழைக்கும்போதுதான் அந்த மாத்திரையின் பெயர் வெளியே வருகிறது. மருத்துவரிடம் சொன்னது அறையைத் தாண்டிப் போகாது என்பதை இங்கே அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்.

"தேதியைக் கணக்குப் பார்த்துத்தானே நாள் குறித்தோம்?" என்று பலர் வருந்துவார்கள். கணக்கில் பிழை இருப்பதில்லை. கருமுட்டை வெளியாவதற்கும் அடுத்த மாதவிடாய்க்கும் இடைப்பட்ட காலம் ஏறக்குறைய 14 நாட்கள் என்று பெரிதும் மாறாமல் இருக்கும். நீள்வதும் சுருங்குவதும் அதற்கு முந்தைய பாதிதான். திருமணத்துக்கு முந்தைய வாரங்களில் தூக்கம் குறைவதும், மனஅழுத்தம் ஏறுவதும், புகைப்படத்தில் மெலிந்து தெரிய வேண்டுமென்று பட்டினி கிடப்பதும் கருமுட்டை வெளியாவதைத் தாமதப்படுத்திவிடும். ஒரு வாரம் முன்பே முடிந்திருக்க வேண்டிய மாதவிடாய் இப்படித்தான் சரியாக விழா நாளில் வந்து நிற்கிறது.

இரண்டு, மூன்று மாதங்களுக்கு முன்பே வருபவரிடம் எனக்கு வழிகள் பல உண்டு. தள்ளிப்போடுவதைவிட முன்கூட்டியே வரவழைப்பதைத்தான் நான் பெரிதும் விரும்புகிறேன். முந்தைய சுழற்சியிலேயே கூட்டு மாத்திரையைத் தொடங்கி, விழாவுக்குப் பத்து நாட்கள் இருக்கும்போது நிறுத்தினால், அடுத்த இரண்டு மூன்று நாட்களில் ரத்தப்போக்கு வந்து, விழாவுக்கு முன்பே முடிந்துவிடும். அந்த நாளில் வேளை தவறாமல் மாத்திரை விழுங்கும் தொல்லையும் இருக்காது. திருமணத்துக்குப் பிறகு உடனே குழந்தை வேண்டாம் என்று நினைப்பவர் அதே மாத்திரையைக் கருத்தடைக்காகவே மூன்று மாதங்களுக்கு முன் தொடங்கிவிடலாம். முதல் சில மாதங்களில் வரும் இடைக்கசிவு விழாவுக்குள் பெரும்பாலும் அடங்கிவிடும். பின்னர் இடைவெளி விடாமல் அடுத்த அட்டையைத் தொடர்ந்தாலே மாதவிடாய் தள்ளிப்போகும். மாறாக, தள்ளிப்போடுவதற்காக எடுக்கும் நோரெதிஸ்டிரோனைக் கருத்தடையாக நம்பக் கூடாது. விரைவில் குழந்தை வேண்டும் என்பவரோ இந்தச் சந்திப்பிலேயே நாளொன்றுக்கு 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலத்தைத் தொடங்கலாம். ரூபெல்லா தடுப்பூசி போடாதவர் என்றால் அதையும் போட்டுக்கொள்ளலாம். ஊசிக்குப் பின் ஒரு மாதம் கருத்தரிக்கக் கூடாது என்பதால் இதுவும் கடைசி வார வேலை அல்ல.

இனி, இந்த மாத்திரை யாருக்கு வேண்டும் என்ற கேள்வி. உறவினர் திருமணத்துக்காகப் பதினைந்து வயதுப் பெண்ணை அழைத்து வந்திருந்தார்கள். தாய்தான் எல்லாவற்றையும் பேசினார். அந்தப் பெண் பையின் வாரைச் சுற்றிச் சுற்றி விரலில் இறுக்கிக்கொண்டிருந்தாள். தாயைச் சற்று வெளியே இருக்கச் சொன்ன பிறகு, "போன முறை அந்த மாத்திரை போட்டு நாலு நாளும் குமட்டலாகவே இருந்தது டாக்டர். எனக்கு வயிற்றுவலிதான் பயம், தேதி பற்றியெல்லாம் ஒன்றுமில்லை" என்றாள். அவளுக்கு வலி தொடங்கும்போதே உணவுக்குப் பின் எடுக்க மெஃபனாமிக் அமிலம் எழுதிக் கொடுத்தேன். அதிகப் போக்கு இருப்பவர்களுக்கு ட்ரானெக்ஸாமிக் அமிலம் உண்டு. அதுவும் ரத்தக்கட்டி வரலாறு உள்ளவர்களுக்கு ஆகாது. மாதவிடாய் நாளில் விழாவில் கலந்துகொள்வதால் உடலுக்கு எந்தத் தீங்கும் இல்லை, தள்ளிப்போடுவதற்கு மருத்துவக் காரணமும் இல்லை. அது அந்தப் பெண்ணின் வசதிக்கான தேர்வு. ஆகவே அவளிடம் தனியாகக் கேட்காமல் நான் எழுதுவதில்லை. இதற்காகச் சில தாய்மார்கள் என்னைக் கோபித்துக்கொண்டதுண்டு.

மாத்திரை எடுக்கும் நாட்களில் மார்பில் வலி, வயிறு உப்பல், தலைவலி, எரிச்சல் ஆகியவை வரலாம், நிறுத்தினால் சரியாகும். ஆனால் ஒரு கால் மட்டும் வீங்கிக் கெண்டைக்கால் வலித்தாலோ, திடீரென மூச்சுத் திணறினாலோ, நெஞ்சு வலித்தாலோ, விழா முடியட்டும் என்று காத்திராமல் அந்த உடையோடே அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் செல்ல வேண்டும். நிறுத்தி ஒரு வாரமாகியும் மாதவிடாய் வரவில்லையென்றால், கருவுற்றிருக்க வாய்ப்புள்ளவர் முதலில் பரிசோதனை செய்துகொள்ளட்டும். என்னைப் பார்க்க வரும்போது கடந்த ஆறு மாதங்களின் மாதவிடாய்த் தேதிகளையும், அன்றாடம் எடுக்கும் எல்லா மருந்துகளின் அட்டைகளையும் கையோடு கொண்டுவந்தால் போதும். அழைப்பிதழ் அச்சாகும் வரை காத்திருக்க வேண்டியதில்லை.