கஸ்டம்ஸுக்கு ஏது சேமிப்புக் கணக்கு?

இணையக் காதல் மோசடி வங்கிக் கவுன்டருக்கு வந்து சேரும்போது மாதக்கணக்கில் வாட்ஸ்அப் பேச்சு முடிந்திருக்கும். மிச்சமிருப்பது பணம் மட்டும்தான்.

மறுமணத்துக்காகத் திருமணத் தளத்தில் பதிந்திருந்த ஓர் அம்மா, எங்கள் கிளைக்கு வந்து எஃப்.டி.யை முன்கூட்டியே முடித்து ஆர்.டி.ஜி.எஸ். (பெரிய தொகையை வேறு வங்கிக் கணக்குக்கு உடனே அனுப்பும் முறை) போடச் சொன்னார். பெறுபவர் யாரென்று கேட்டேன். "சொந்தக்காரர்" என்றார். படிவத்தில் இருந்ததோ வட இந்தியக் கிளை ஒன்றில் உள்ள சேமிப்புக் கணக்கு. பெயரை அவரால் சரியாக வாசிக்கக்கூட முடியவில்லை. கொஞ்சம் பேசியதும் போனை நீட்டினார். அந்தத் தளத்தில் பழகிய லண்டன் டாக்டர் அனுப்பிய பரிசுப் பார்சல் டெல்லி ஏர்போர்ட்டில் மாட்டிக்கொண்டதாம். முதல் நாளே 'வரி' கட்டியாயிற்று. இப்போது உள்ளே பவுண்டு நோட்டு இருக்கிறதென்று அபராதம், கட்டாவிட்டால் கைதாம். அந்தச் சாட்டிலேயே இன்னொன்றும் இருந்தது: "பேங்க்கில் கேட்டால் உறவினர் என்று சொல்." உங்கள் வங்கியிடம் பொய் சொல்லக் கற்றுக்கொடுப்பவர் எப்படிப்பட்ட வரன்?

சுங்கத்துறை எந்தத் தனிநபர் கணக்கிலும் வரி வாங்காது. உண்மையிலேயே வரி இருந்தால் தபால் துறையோ கூரியர் நிறுவனமோ ரசீதோடு வசூலிக்கும். சுங்கத்துறைக் கடிதமென்றால் அதில் டின் (DIN) என்ற ஆவண அடையாள எண் இருக்கும். அதைத் துறையின் இணையதளத்தில் சரிபார்க்கலாம்.

ஆண்களுக்கு விரிக்கும் வலை பெரும்பாலும் வேறு. பழகிய பெண் ஒரு டிரேடிங் ஆப் காட்டுவாள். முதலில் போட்ட சிறுதொகை லாபத்தோடு திரும்பியும் வரும், அங்கேதான் நம்பிக்கை விழுகிறது. பெரிய தொகை போட்டபின் எடுக்கப் போனால் 'முதலில் டாக்ஸ் கட்டு' என்பார்கள். அப்புறம் எவ்வளவு கட்டினாலும் வராது.

பணம் போய்விட்டதா? வீட்டில் எப்படிச் சொல்வது என்று யோசிப்பதற்குள் அது நாலைந்து கணக்கு தாண்டிவிடும். முதலில் சைபர் மோசடிப் புகாருக்கான உதவி எண் 1930-ஐ அழையுங்கள். பரிவர்த்தனை எண்ணை, அதாவது யூ.டி.ஆர்.-ஐக் கேட்பார்கள், கையில் வைத்திருங்கள். கோபத்தில் வாட்ஸ்அப் உரையாடலை அழித்துவிடாதீர்கள், அதுதான் சாட்சி. அந்த அம்மாவையும் என் மேசையிலிருந்தே பேச வைத்தோம். முதல் நாள் போனதில் ஒரு பகுதி முடக்கப்பட்டது, மீதியை ஏடிஎம்மில் எடுத்துவிட்டிருந்தார்கள்.

சில வாரம் கழித்து, 'இழந்ததை மீட்டுத் தருகிறோம்' என்று வக்கீல் பெயரிலோ சைபர் போலீஸ் பெயரிலோ ஓர் அழைப்பு வரும். அவர்களும் முன்பணம்தான் கேட்பார்கள், கொடுக்காதீர்கள்.