மருத்துவமனையாலா, மருத்துவமனையிலா?

சிகிச்சைக்குச் சேர்ந்த இடத்தில் நோயாளியைப் பற்றும் தொற்றை ‘மருத்துவமனையால் உண்டாக்கப்பட்ட தொற்று’ என்று எழுதும் வழக்கம் பெருகிவிட்டது. அண்மையில் நுகர்வோர் ஆணைய வழக்கொன்றின் தமிழாக்கத்தைப் படிக்க நேர்ந்தது. குற்றச்சாட்டை மறுத்து மருத்துவமனை அளித்த பதிலுரையிலேயே இத்தொடர் மூன்று இடங்களில் இருந்தது. மறுக்க வந்தவரிடமே ஒப்புதல் வாக்குமூலம் எழுதி வாங்கிவிட்ட மொழிபெயர்ப்பாளரை என்னென்பது!

இதற்குரிய ‘நோசோகோமியல்’ என்னும் மருத்துவச் சொல் கிரேக்க வழி வந்தது. ‘நோசோஸ்’ நோய், ‘கொமெயின்’ பேணுதல். நோயாளரைப் பேணும் இடத்தைச் சார்ந்தது என்பதே பொருள். சிகிச்சையால் விளைந்த கேட்டைக் குறிக்க, மருத்துவர் எனப் பொருள்படும் ‘ஐயட்ரோஸ்’ அடியாகப் பிறந்த ‘ஐயட்ரோஜெனிக்’ தனியே இருக்கிறது. இரண்டையும் ஒன்றாகக் குழப்பியதில்தான் ‘ஆல்’ நுழைந்திருக்க வேண்டும்.

‘ஆல்’ மூன்றாம் வேற்றுமை உருபு. கருவியும் கருத்தாவும் அதன் பொருள்கள். இடப்பொருளில் வரும் ‘இல்’ ஏழாம் வேற்றுமைக்குரியது. இத்தகைய வழக்குகள் இவ்விரண்டு உருபுகளுக்கு இடையில்தான் நடக்கின்றன. சேரும்போது உடலில் இல்லாதிருந்து, 48 மணி நேரம் கழிந்தபின் தலைகாட்டும் தொற்று பொதுவாக மருத்துவமனையில் வந்ததாகக் கொள்ளப்படுகிறது. ஆனால் அக்கிருமி நோயாளியின் தோலிலோ குடலிலோ முன்பே குடியிருந்து, சிறுநீர்க் குழாய் செருகியபோது உள்ளே புகுந்ததாகவும் இருக்கலாம். எனவே தொற்று எங்கே வந்தது என்பது ஒரு கேள்வி; கைகழுவும் ஒழுங்கும் கருவிகளைக் கிருமிநீக்கம் செய்யும் முறையும் சரியாகக் கடைப்பிடிக்கப்பட்டனவா என்பது வேறொரு கேள்வி. கட்டண மருத்துவச் சேவை நுகர்வோர் சட்டத்தின்கீழ் வரும் என்று 1995இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த பின்னும், கவனக்குறைவை மெய்ப்பிக்கும் பொறுப்பு பொதுவாக முறையீட்டாளருடையதே. ஆணையம் இரண்டாம் கேள்வியைத் தொடுமுன்பே ‘ஆல்’ தீர்ப்பெழுதிவிடுகிறது. இதனால் முறையீட்டாளருக்கும் நன்மையில்லை. சொல்லிலேயே குற்றம் நிலைநாட்டப்பட்டதாக எண்ணி, கிருமிநீக்கப் பதிவேட்டைக் கேட்டுப் பெறாமல் இருந்துவிட இடமாகிறது.

‘மருத்துவமனையில் பெற்ற தொற்று’ என்போரும் உளர். உருபு சரி, வினை தவறு. பிள்ளையையும் பட்டத்தையும் வரத்தையும் பெறுகிறோம். நோயைப் பெற்றதாகத் தமிழன் சொல்வதில்லை, ‘நோய் கண்டது’, ‘நோய் வந்தது’ என்றே சொல்வான். அகராதியில் முதலில் கண்ட பொருளை எடுத்து ஒட்டுகிறவர்களுக்கு இந்த வேறுபாடு காதில் விழுவதேயில்லை.

‘மருத்துவமனைத் தொற்று’ சுருக்கமானது, நாளிதழ்த் தலைப்புக்குப் போதும். ஆயினும் உருபு தொக்கி நிற்பதால் அதை ‘ஆல்’ என்றும் விரிக்கலாம், ‘இல்’ என்றும் விரிக்கலாம். வழக்கு ஆவணத்துக்கு அது ஆகாது. அங்கே ‘மருத்துவமனையில் ஏற்பட்ட தொற்று’ என்றே எழுதவேண்டும். நீளமாக இருக்கிறதே என்று குறைப்படும் மொழிபெயர்ப்பாளர்கள் எழுத்தெண்ணிப் பார்க்கட்டும்: ‘உண்டாக்கப்பட்ட’ என்பதில் ஒன்பது, ‘ஏற்பட்ட’ என்பதில் ஐந்து.