2147483647: இன்ட்டின் உச்சியில் உட்கார்ந்திருக்கும் பகா எண்

நிரல் எழுதுபவர்களுக்கு 2147483647 பழக்கமான எண்தான். 32 பிட் இன்ட் (குறியுள்ள முழு எண்) மாறியில் அடங்கும் உச்ச மதிப்பு அது. அதே எண், அதாவது 2³¹ − 1, ஒரு பகா எண்ணும்கூட. இரண்டும் பொருந்தியது தற்செயல். 16 பிட்டின் உச்சமான 2¹⁵ − 1, 64 பிட்டின் உச்சமான 2⁶³ − 1 இரண்டையும் 7 மீதியின்றி வகுக்கும். 7 என்பது 2³ − 1; 15, 63 இரண்டும் 3-இன் மடங்குகள் என்பதே காரணம். அடுக்கு பகா எண்ணாக இருந்தால்தான் வாய்ப்பே உண்டு. அப்போதும் நிச்சயமில்லை: 2²⁹ − 1-ஐ 233 வகுத்துவிடுகிறது.

இது பகா எண் என்று 1772-இல் நிறுவியவர் கணித அறிஞர் ஆய்லர். சாதாரண வழியில் போனால், வர்க்கமூலமான 46340 வரையுள்ள 4,700-க்கும் மேற்பட்ட பகா எண்களால் வகுத்துப் பார்க்க வேண்டும். காகிதத்தில் அது பெரும்பாடு. வகுத்தி எப்படி இருக்க முடியும் என்று முதலில் கேட்டால் வேலை சுருங்கும்.

ஒரு பகா எண் இதை வகுக்கிறது என்று கொள்வோம். அந்த எண்ணால் 2³¹-ஐ வகுத்தால் மீதி 1. பெர்மாவின் சிறிய தேற்றப்படி, அடுக்கு அந்த வகுத்தியைவிட ஒன்று குறைவாக இருந்தாலும் மீதி 1 வரும். 31 பகா எண் என்பதால், வகுத்தியில் 1 கழித்தால் கிடைப்பது 31-இன் மடங்காகத்தான் இருந்தாக வேண்டும். வகுத்தி ஒற்றைப்படை, ஆகவே 1 கழித்துக் கிடைப்பது 62-இன் மடங்கு. இன்னொரு கட்டுப்பாடும் உண்டு. 2³²-இன் மீதி 2, அதாவது 2¹⁶-இன் வர்க்கம் 2-ஐ மீதியாகத் தருகிறது. அப்படி நடக்க, வகுத்தியை 8-ஆல் வகுத்தால் 1 அல்லது 7 மட்டுமே மிஞ்ச வேண்டும். இரண்டையும் சேர்த்தால், 248-ஆல் வகுக்கும்போது 1 அல்லது 63 மிஞ்சும் எண்கள் மட்டும் போதும். 1, 63 இரண்டையும் விட்டால் மொத்தம் 372. அவற்றிலும் 249 (3 × 83), 497 (7 × 71) போன்ற பகு எண்கள் நிறைய. முதலில் சோதிக்க வேண்டியது 311: ஈவு 6905092, மீதி 35. கடைசிவரை எதுவும் சரியாக வகுக்காது.

இதன் பயன், கணினி உருவாக்கும் ராண்டம் (முன்கூட்டி ஊகிக்க முடியாததுபோல் தோன்றும்) எண்களில் தெரியும். 1988-இல் ஸ்டீபன் பார்க், கீத் மில்லர் இருவரும் பரிந்துரைத்த முறை எளிது: கையிலுள்ள எண்ணை 16807-ஆல் பெருக்கி, 2147483647-ஆல் வகுத்த மீதியே அடுத்த எண். 16807 என்பது 7⁵. 7-இன் அடுக்குகளை இப்படி வகுத்த மீதிகள் 1 முதல் 2147483646 வரை ஒவ்வொரு எண்ணையும் தொட்ட பிறகே திரும்பி வரும். 2147483646-இன் பகாக் காரணிகள் 2, 3, 7, 11, 31, 151, 331; 5 இல்லாததால் 7⁵-க்கும் அதே முழுச் சுற்று. 7³ எடுத்திருந்தால் சுற்று மூன்றில் ஒரு பங்காகிவிடும்.

மீதி காண வகுக்கவே வேண்டாம். 2³¹-இன் மீதி 1 அல்லவா? பெருக்கலின் கீழ் 31 பிட்டுகளோடு மேலே மிஞ்சியதைக் கூட்டி, தொகை எல்லை தாண்டினால் ஒருமுறை கழித்தால் முடிந்தது.

சறுக்கும் இடங்கள் இரண்டு. தொடக்க எண் 0 என்றால் எப்போதும் 0-தான் வரும். பெருக்கலுக்கு 46 பிட்டுகள் வரை தேவை. 32 பிட்டில் போட்டால் மேல் பிட்டுகள் உதிர்ந்து, பார்க்க ராண்டமாகவே தோன்றும் தவறான வரிசை வரும். கண்ணால் பிடிக்க முடியாத பிழை இது. தொடக்க எண்ணை 1 என்று வைத்து ஓட்டுங்கள்: பத்தாயிரமாவது எண் 1043618065 ஆக இருக்க வேண்டும். கடவுச்சொல், ஓடிபி போன்றவற்றுக்கு மட்டும் இதைத் தொடவே கூடாது. ஒரு எண்ணைப் பார்த்தவர் அடுத்து வருவதையெல்லாம் கணக்கிட்டுவிடுவார்.