மினிட்ஸ் எழுதும் பெண்ணுக்கு மைக் எப்போது?

கல்லூரி மாணவர்களுக்குத் தலைமைப் பயிற்சி கொடுப்பது என் வேலை. போன வாரமும் அதே கதைதான். ஐந்து பேர் கொண்ட குழு, அதில் ஒரே ஒரு பெண். "மினிட்ஸ், அதாவது கூட்டக் குறிப்பு, யார் எழுதுவது?" என்று நான் கேட்டு முடிப்பதற்குள் நாலு பையன்களும் அவளைப் பார்த்தார்கள். அவளும் பேனா மூடியைக் கழற்றிவிட்டாள். அடுத்த ஒரு மணி நேரம் குனிந்த தலை நிமிரவில்லை. முடிந்ததும் பொறுப்பாசிரியர் சொல்கிறார்: "நல்ல பொண்ணு. ஆனா தலைவர் ஆகிற துணிச்சல் கிடையாது."

இதைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. இப்படிப்பட்ட வேலையை ஏற்றுக்கொண்டு பின்னால் நிற்பது பெண்களின் சுபாவமே இல்லை. அமெரிக்கப் பொருளாதார அறிஞர் லிண்டா பாப்காக் குழுவினர் 2017-ல் வெளியிட்ட ஆய்வைப் பாருங்கள். மாணவர்களை மூன்று மூன்று பேராகப் பிரித்தார்கள். ஒருவர் முன்வந்து பட்டனை அழுத்தினால் மற்ற இருவருக்கும் கூடுதல் பணம், அழுத்தியவருக்குக் குறைவு. யாருமே அழுத்தாவிட்டால் எல்லோருக்கும் அதைவிடக் குறைவு. ஆண்களும் பெண்களும் கலந்த குழுக்களில் பெண்களே அதிகம் அழுத்தினார்கள். பெண்கள் மட்டும், ஆண்கள் மட்டும் என்று தனித்தனியாக உட்கார வைத்ததும் அந்த வித்தியாசம் காணாமல் போனது. சுபாவம் என்றால் அங்கேயும் இருந்திருக்க வேண்டாமா? 'அவள் செய்வாள்' என்று எல்லோரும் காத்திருப்பதுதான் காரணம். "நீங்கள் செய்யுங்கள்" என்று கேட்கும்போதும் ஆண், பெண் இரு தரப்பும் பெண்களைத்தான் அதிகம் கேட்டார்கள்.

அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில், மாணவிகளின் தலைமைப் பங்கை ஆராய நானெர்ல் கோஹேன் என்ற பேராசிரியர் தலைமையில் அமைந்த குழு 2011-ல் கொடுத்த அறிக்கையும் இதையேதான் காட்டியது. திரைக்குப் பின்னால் பெண்களின் உழைப்பு நிறைய. வெளியே தெரியும் தலைமைப் பதவிகளில் அவர்கள் குறைவு. பெரிய பதவிக்கு ஆசைப்பட்ட சில மாணவிகளுக்கு, அதெல்லாம் ஆண்களுக்குத்தான் என்று சக மாணவர்களே உணர்த்தியிருக்கிறார்கள். அப்புறம் தன்னம்பிக்கை எங்கிருந்து வரும்? செய்து பார்த்தால்தானே வரும்!

ஆசிரியர்களே, "யார் செய்கிறீர்கள்?" என்று பொதுவாகக் கேட்பதை முதலில் நிறுத்துங்கள். மினிட்ஸ் வேலையை வருகைப் பதிவேட்டு வரிசைப்படி கொடுங்கள். இந்த முறை எழுதியவர் அடுத்த கூட்டத்தை நடத்தட்டும். தகுதியுள்ள மாணவியைத் தனியே கூப்பிட்டு, "நீ தலைவர் பதவிக்கு நில்" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். தன்னம்பிக்கை வளர்க்கும் சொற்பொழிவு தயவுசெய்து வேண்டாம்.

தம்பிகளே, நீங்களும் எழுதிப் பழகுங்கள். அடுத்தவர் பேசுவதை முழுசாகக் கேட்கும் பழக்கம் அதில்தான் வரும்.

உனக்கு ஒரு வேண்டுகோள் அம்மா. அடுத்த கூட்டத்தில் எல்லோரும் உன்னைத் திரும்பிப் பார்த்தால், "போன தடவை நான் எழுதினேன், இன்றைக்கு நீங்கள்" என்று சொல்லிப் பேனாவைப் பக்கத்தில் இருப்பவரிடம் நீட்டு.